கம்மாய்த் தகராறுக் கொலை: மூணு பேருக்கு ஆயுள், ரெண்டு பேர் விடுதலை. மதுரைக் கிளை மேல்முறையீட்டில் எதை முன்னால வைக்கணும்?

வடகரை:

வணக்கம். உசிலம்பட்டி பக்கம் ஒரு கிராமத்து வழக்கு. 2021 நவம்பரில் கம்மாய் மடை திறக்கிறதுல வந்த தகராறு, ராத்திரி ஏழரை மணி வாக்குல ஒருத்தர் வெட்டுப்பட்டார். உசிலம்பட்டி ஜி.எச்.சுக்குக் கொண்டுபோறப்பவே உயிர் இல்ல. ஐந்து பேர் மேல இ.த.ச. (இந்திய தண்டனைச் சட்டம்) 147, 148 (கலவரம்), 302 (கொலை) உடன் 149 (சட்டவிரோதக் கூட்டம்). செஷன்ஸ் கோர்ட்டு 1, 2, 3 எதிரிகளுக்கு (குற்றம் சாட்டப்பட்டவங்க) ஆயுள், தலா 5,000 அபராதம் போட்டிருக்கு. 4, 5-ஆம் எதிரிகள் விடுதலை. தீர்ப்பு வந்து இன்னையோட 41 நாள்.

பார்த்த சாட்சி மூணு பேர். அ.சா.1 (அரசுத் தரப்பு சாட்சி 1) இறந்தவரோட அண்ணன், அ.சா.2 அண்ணி, அ.சா.3 டீக்கடைக்காரர். டீக்கடைக்காரர் பிறழ்சாட்சி (போலீஸ்ல சொன்னதைக் கோர்ட்டுல மாத்திச் சொன்னவர்) ஆயிட்டார். அண்ணனும் அண்ணியும் சொல்றது: முதல் எதிரி அரிவாளால கழுத்துல வெட்டினார், 2-ஆம் எதிரி பின்னால இருந்து கட்டிப் பிடிச்சார், 3-ஆம் எதிரி கம்பால முதுகுல அடிச்சார், மத்த ரெண்டு பேரும் சத்தம் போட்டு நின்னாங்க. பிரேதப் பரிசோதனையில கழுத்துல ரெண்டு வெட்டு, இடது முன்கையில ஒண்ணு. முதுகுல காயம் எதுவும் எழுதல. எஃப்.ஐ.ஆர். ராத்திரி 10.15-ன்னு இருக்கு, மாஜிஸ்திரேட்டுக்குப் போனது மறுநாள் மதியம் 2.30.

3-ஆம் எதிரி வீட்டுக்காக இதைக் கேக்குறேன். மூணு பேருக்கும் சேர்த்தே ஒரு வக்கீல் போட்டுடலாம்னு பேச்சு ஓடுது. நாள் இன்னும் இருக்கா? தண்டனையை நிறுத்தி வெளிய கொண்டுவர வழி உண்டா? அப்பீல்ல எந்தப் பாயிண்ட் நிக்கும்?

தல்லாகுளம்:

முதலில் நாள் கணக்கு. ஆயுள் தண்டனையை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 60 நாள், அதாவது உங்களுக்கு 19 நாள் மீதி. (தூக்குத் தண்டனை என்றால் 30 நாள்தான்.) சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பு நகலை அன்றைக்கே இலவசமாகக் கொடுக்க வேண்டும், அது உங்கள் ஆளிடமோ விசாரணை வக்கீலிடமோ இருக்கும். அதை வைத்தே தாக்கல் செய்யலாம். சாட்சி வாக்குமூல நகல்களுக்குத் தனியாக மனுப் போடுங்கள், ஆனால் அவை கைக்கு வரட்டும் என்று அப்பீலை நிறுத்தி வைக்காதீர்கள். 60 நாள் தாண்டினால் தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனு தனியாகப் போட வேண்டும். சிறையில் இருப்பவருக்கு அது பெரும்பாலும் கிடைக்கிறது. ஆனாலும் அந்த மனு முடியும் வரை அப்பீலுக்கு வழக்கு எண் விழாது, எண் விழாமல் தண்டனை நிறுத்த மனு நகராது. காலம் அங்கேதான் வீணாகும்.

எந்தச் சட்டம் என்ற குழப்பம் இப்போது எல்லோருக்கும் வருகிறது. சம்பவம் 2021 என்பதால் குற்றப் பிரிவுகள் பழைய இ.த.ச.வாகவே இருக்கும். அப்பீல் தாக்கலாவது 2024 ஜூலை 1-க்குப் பிறகு என்பதால் நடைமுறை பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்ற நடைமுறைச் சட்டம்): மேல்முறையீடு பிரிவு 415(2), தண்டனை நிறுத்தம் பிரிவு 430. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 374-ம் 389-ம்தான் இவை. முந்தைய தீர்ப்புகளைத் தேடும்போது பழைய எண்களைப் போட்டுத் தேடுங்கள்.

தண்டனை நிறுத்தத்துக்கு செஷன்ஸ் கோர்ட்டையே கேட்கலாம் என்று யாராவது சொன்னால் நேரத்தை அதில் விடாதீர்கள். மூன்று ஆண்டுக்கு மேற்படாத தண்டனைக்குத்தான் விசாரணை நீதிமன்றத்துக்கு அந்த அதிகாரம். ஆயுள் என்றால் மதுரை ஒத்தக்கடை உயர் நீதிமன்றக் கிளைதான். இரண்டு நீதிபதிகள் அமர்வு கேட்கும். அரசு வக்கீலுக்கு எழுத்து மூலம் ஆட்சேபம் சொல்ல வாய்ப்புத் தராமல் விடவும் முடியாது, ஆகவே மனுப் போட்ட வாரமே ஆள் வெளியே வந்துவிடுவார் என்று வீட்டில் நம்பிக்கை ஏற்றாதீர்கள்.

வக்காலத்தில் சிறைக்குள் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி, சிறை அதிகாரி சான்றளித்துத் திரும்ப வர வேண்டும். இதற்கே சில நாள் போய்விடும் என்பதால் இதை முதல் வேலையாக வையுங்கள். அபராதத்தைக் கட்டி ரசீதை மனுவோடு சேருங்கள். கட்டியதால் அப்பீல் உரிமை போகாது. உத்தரவு கிடைத்தால் வழக்கமாக இரண்டு ஜாமீன்தாரர்கள், பிணைப்பத்திரம் விசாரணை நீதிமன்றத்தில். ஜாமீன்தாரர்களின் ஆதாரும் வீட்டுவரி ரசீதும் இப்போதே தயாராக இருக்கட்டும். உத்தரவு கைக்கு வந்த பிறகு வி.ஏ.ஓ. ஆபீசுக்கும் தாலுகா ஆபீசுக்கும் அலைந்து பத்து நாள் கூடுதலாக உள்ளே கிடப்பது மிகச் சாதாரணமாக நடக்கிறது. மாதா மாதம் முதல் வேலை நாளில் விசாரணை நீதிமன்றத்தில் ஆஜராக வேண்டும் என்ற நிபந்தனையும் பெரும்பாலும் இருக்கும். அதைத் தவறவிட்டால் நிறுத்தம் ரத்தாகும்.

பணம் இல்லை என்பதற்காக அப்பீல் நிற்க வேண்டியதில்லை. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, இது 1987 சட்ட உதவிச் சட்டத்தின் பிரிவு 12-இலேயே இருக்கிறது. சிறையிலிருந்தே சிறை அதிகாரி மூலம் மேல்முறையீடு அனுப்பவும் வழி உண்டு. 15100-க்கு அழைத்தால் எங்கே போக வேண்டும் என்று சொல்வார்கள்.

நாகமலை:

தல்லாகுளம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். மூன்று பேருக்கும் ஒரே வக்கீல் என்பதை இன்றைக்கே கைவிடுங்கள்.

3-ஆம் எதிரிக்காகச் சொல்ல வேண்டிய வாதத்தின் உயிர், "வெட்டியது முதல் எதிரி, அவர் அரிவாளை எடுப்பார் என்று இவருக்குத் தெரியாது" என்பது. முதல் எதிரிக்கும் ஆஜராகிற வக்கீல் இதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. சொன்னால் தன் இன்னொரு கட்சிக்காரரைக் காட்டிக் கொடுத்ததாகும். அதனால் மூன்று பேருக்கும் பொதுவான "சம்பவமே பொய், சாட்சிகள் பொய்" என்ற ஒரே வாதத்தோடு நின்றுவிடுவார், அது தோற்றால் மூவரும் சேர்ந்து தோற்பார்கள். ஊரில் பங்காளிகள் ஒற்றுமை கலையக் கூடாது என்று சேர்த்துப் போடுகிறார்கள். அதற்கு விலை கொடுப்பவர் எப்போதும் கடைசி எதிரிதான். தனி அப்பீல் போட்டாலும் மூன்றும் ஒரே அமர்வில் ஒன்றாகத்தான் கேட்கப்படும், பயப்பட வேண்டாம்.

இனி 149. அந்தப் பிரிவுக்குக் குறைந்தது ஐந்து பேர் வேண்டும். குற்றச்சாட்டில் பெயர் சொன்ன ஐந்து பேர் மட்டும் இருந்து, அதில் இருவரை விடுவித்துவிட்டு, "பெயர் தெரியாத வேறு சிலரும் இருந்தார்கள்" என்ற முடிவும் தீர்ப்பில் இல்லையென்றால், மிச்ச மூன்று பேரை 149-இல் தண்டித்தது சட்டப்படி நிற்காது. தீர்ப்பின் கடைசிப் பக்கங்களைப் பாருங்கள், 302 உடன் 149 என்றே தண்டித்திருக்கிறதா, 34 (ஒரே எண்ணத்தோடு சேர்ந்து செய்தது) என்று மாற்றியிருக்கிறதா? 149 என்றே இருந்தால் அது பிழை.

ஆனால் அந்தப் பிழையே விடுதலை வாங்கித் தந்துவிடும் என்று எண்ண வேண்டாம். மோகன் சிங் எதிர் பஞ்சாப் அரசு என்ற வழக்கில் இதே நிலைதான்: ஐவரில் இருவர் விடுதலை, 149 போனது, ஆனால் 1962-இல் உச்ச நீதிமன்றம் சாட்சியத்தைப் பார்த்து 34-இன் கீழ் தண்டனையை நிலைநிறுத்தியது. குற்றச்சாட்டு 34 என்று எழுதப்படவில்லை என்பதே போதாது, அதனால் எதிரிக்குப் பாதகம் நேர்ந்தது என்று காட்ட வேண்டும். ஆகவே 149 விழுவது கதவைத் திறப்பது மட்டும்தான், உள்ளே நடக்கப்போகும் சண்டை 34-இல்.

34-க்கு மூவருக்கும் ஒரே எண்ணம் இருந்திருக்க வேண்டும். அது முன்கூட்டியே பேசி வைத்ததாக இருக்க வேண்டியதில்லை, அந்த இடத்திலேயே உருவாகலாம். 2-ஆம் எதிரி நிலைமை கடினம். கட்டிப் பிடித்திருக்கும்போதுதான் வெட்டு விழுந்தது என்றால் எண்ணம் ஒன்று என்பதற்கு அதுவே சாட்சி. அவருக்காகக் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, பிடித்தபோது முதல் எதிரி கையில் அரிவாள் வெளியே இருந்ததா, பிடித்த பிறகு எடுத்தாரா என்பது. அ.சா.1-இன் முதல் விசாரணையில் (கோர்ட்டில் அரசு வக்கீல் கேட்டது) இந்த வரிசை எப்படி வந்திருக்கிறது என்று வார்த்தை வார்த்தையாகப் படிக்க வேண்டும்.

3-ஆம் எதிரிக்கு முதுகுக் காயம் இல்லாததுதான் பெரிய ஆயுதம். அதை இப்படிக் கட்டுங்கள்: அவர் மீது சொன்ன ஒரே செயல் கம்படி, அந்த அடிக்கு மருத்துவச் சான்றில் இடமே இல்லை, அந்த அடியை எடுத்துவிட்டால் அவரும் விடுதலையான 4, 5-ஆம் எதிரிகளைப் போல அங்கே நின்றவர்தான், அதே இரண்டு சாட்சிகளின் வாய்ச்சொல்லை அவர்களுக்கு நம்பாத நீதிமன்றம் இவருக்கு மட்டும் நம்பியதற்குக் காரணம் என்ன? நெல்லையும் பதரையும் பிரிப்பது நீதிமன்றத்தின் வேலைதான், ஒரு பகுதி பொய் என்பதால் முழுச் சாட்சியத்தையும் தள்ள வேண்டியதில்லை. ஆனால் பிரிக்க அளவுகோல் வேண்டும். இந்த வழக்கில் மருத்துவ அறிக்கைதான் அந்த அளவுகோல்.

எதிர்த் தரப்பு என்ன சொல்லும் என்பதையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். "சட்டைக்கு மேல் விழுந்த கம்படி வெளியே தெரியாது, ஆழத்துக் கன்றல் தோலைக் கீறிப் பார்த்தால்தான் தெரியும்" என்பார்கள். எனவே டாக்டரின் வாக்குமூலத்தில் முதுகைத் திருப்பிப் பார்த்தாரா, கீறிப் பார்த்தாரா, "கம்பால் அடித்திருந்தால் காயம் இருந்திருக்கும்" என்ற கேள்வி குறுக்கு விசாரணையில் போடப்பட்டதா, அவர் என்ன பதில் சொன்னார் என்று பாருங்கள். "ஆம், இருந்திருக்கும்" என்று ஒரு வரி இருந்தால் அதுதான் உங்கள் மனுவின் முதல் பத்தி.

தண்டனை நிறுத்தத்துக்கும் இதையே முன்னால் வையுங்கள். ஓம்பிரகாஷ் சாஹ்னி வழக்கில் 2023-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது: கொலை வழக்கில் தண்டனையை நிறுத்த, சாட்சியத்தை மறுபடி எடை போடாமலே, பார்த்த மாத்திரத்தில் விடுதலைக்கு நியாயமான வாய்ப்பு தெரிய வேண்டும். இருபது முரண்பாட்டை அடுக்கினால் "அப்பீல் இறுதி விசாரணையில் பார்க்கலாம்" என்று ஒரே வரியில் தள்ளுபடியாகும். காயம் இல்லை என்பது அறிக்கையிலேயே தெரிகிற ஒன்று. விசாரணைக் காலத்தில் ஜாமீனில் இருந்து ஒழுங்காக வந்தார் என்பதையும் சொல்லலாம், ஆனால் அது தனியாக நிற்காது. முதல் மனு தள்ளுபடியானாலும் கதவு அடைந்துவிடாது. அப்பீல் பல ஆண்டு எடுக்கப்படாமலே கிடக்கும்போது ஆளை உள்ளே வைத்திருப்பது நியாயமல்ல என்று 1977-இல் காஷ்மீரா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது.

மாசி வீதி:

எஃப்.ஐ.ஆர். நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. கிராமத்துக் கொலை வழக்கில் கட்டுக் கட்டான காகிதங்களில் நான் முதலில் தேடச் சொல்வது கடிகார நேரங்களைத்தான்.

10.15-க்குப் பதிவான எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். (மாஜிஸ்திரேட்டுக்கு உடனே அனுப்ப வேண்டியது) மறுநாள் 2.30-க்கு மாஜிஸ்திரேட் கைக்கு வந்தால் பதினாறு மணி நேரத்துக்கும் மேல். அந்த இடைவெளியில் உட்கார்ந்து பேசி ஐந்து பேர் பெயரையும் எழுதினார்களா என்பதுதான் சந்தேகம். 1994-இல் மெஹ்ராஜ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு உரைகல்லைச் சொல்லியிருக்கிறது: மாஜிஸ்திரேட்டுக்கு எப்போது போனது, பிரேதத்தோடு எஃப்.ஐ.ஆர். நகல் போனதா, போலீஸ் எழுதும் பிரேத விசாரணை அறிக்கையில் அதன் விவரம் இருக்கிறதா. ஆகவே நான்கு காகிதத்தை எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். எஃப்.ஐ.ஆரில் மாஜிஸ்திரேட் கையெழுத்தோடு போட்ட தேதியும் நேரமும் ஒன்று. பிரேத விசாரணை அறிக்கை இரண்டாவது, அதில் குற்ற எண் இருக்கிறதா, எதிரிகள் பெயர் இருக்கிறதா, "சிலர்" என்று மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். பிரேதப் பரிசோதனைக்கு அனுப்பிய கோரிக்கைக் கடிதம் மூன்றாவது. நான்காவது, உசிலம்பட்டி ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகல்.

இந்த நான்காவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். உயிர் போன பிறகு கொண்டுவந்தாலும் யார் கொண்டுவந்தார், எப்படி நடந்ததாகச் சொன்னார் என்று டியூட்டி டாக்டர் எழுதுவார். எஃப்.ஐ.ஆருக்கும் முந்தைய காகிதம் அதுதான். "தெரிந்த இரண்டு நபர்கள்" என்று அதில் இருந்து, எஃப்.ஐ.ஆரில் ஐந்தாக வளர்ந்திருந்தால் 3-ஆம் எதிரிக்கு அதைவிடப் பெரிய துணை கிடையாது. டாக்டரின் வேலை சிகிச்சை, பெயர் எழுதுவதல்ல என்று நீதிமன்றங்கள் சொல்வதுண்டு. ஆனால் எண்ணிக்கையே மாறுவது வேறு விஷயம்.

சாட்சிகளின் போலீஸ் வாக்குமூலங்கள் நீதிமன்றத்துக்கு வந்த தேதி முத்திரையையும் பாருங்கள். சம்பவத்துக்கு மறுநாள் விசாரித்ததாகச் சொல்லி, காகிதம் பல வாரம் கழித்து வந்திருந்தால் அதற்கு விளக்கம் கேட்கலாம்.

வெளிச்சம் இன்னொன்று. நவம்பரில் ஆறு மணிக்கே இங்கே பொழுது அடைந்துவிடும், ஏழரை என்றால் நல்ல இருட்டு. கம்மாய்க் கரையில் விளக்குக் கம்பம் இருந்ததாகப் பார்வை மகஜரில் (சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதும் குறிப்பு) இருக்கிறதா, மாதிரி வரைபடத்தில் குறித்திருக்கிறதா? ஆனால் இதில் அளவோடு இருங்கள். ஒரே ஊர்க்காரர்கள், தினமும் பார்க்கிறவர்கள், குரலிலும் நடையிலுமே அடையாளம் தெரியும் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொள்ளும். யார் என்பது தெரிந்திருக்கும், இருட்டில் யார் என்ன செய்தார் என்பது தெரிந்திருக்குமா என்று கேட்டால் அது நிற்கும்.

நேரத்தை வீணாக்கும் வாதம் ஒன்று: "சாட்சிகள் சொந்தக்காரர்கள்." 1953 தலீப் சிங் வழக்கிலிருந்தே அது எடுபடுவதில்லை. சொந்த ரத்தம் உண்மைக் குற்றவாளியை விட்டுவிட்டு வேறு ஆளைச் சொல்லாது என்பதே நீதிமன்றத்தின் பார்வை. ஒரே ஒரு சாட்சி போதும், எண்ணிக்கை அல்ல தரம் என்று நம் மாகாணத்து வடிவேலு தேவர் வழக்கிலேயே 1957-இல் சொல்லியாயிற்று. சொந்தம் என்பதோடு பழைய பகையும் சேர்ந்து, கூடுதல் பெயர்களை இழுத்துவிடும் காரணம் இருந்தது என்று காட்டினால்தான் பலன். டீக்கடைக்காரர் பிறழ்ந்ததையும் பெரிதாக நம்பாதீர்கள், அவர் வாக்குமூலத்தில் அரசுத் தரப்புக்கு உதவும் வரி இருந்தால் அதை எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது.

சிம்மக்கல்:

பாதிக்கப்பட்ட குடும்பத்துக்காக ஆஜராகும் பக்கத்திலிருந்து பார்ப்பதையும் இங்கே சொல்ல வேண்டும், இறந்தவர் வீட்டார் யாராவது இதைப் படிக்கலாம்.

4, 5-ஆம் எதிரிகளின் விடுதலையை எதிர்த்து அரசு போகாவிட்டாலும் குடும்பமே போகலாம். பி.என்.எஸ்.எஸ். 413-இன் காப்புரை (பிரிவோடு சேர்ந்த விதிவிலக்கு வாசகம்) அந்த உரிமையைத் தருகிறது, தனி அனுமதி வாங்கத் தேவையில்லை என்று 2018-இல் மல்லிகார்ஜுன் கோடகலி வழக்கில் முடிவாகிவிட்டது. ஆனால் விடுதலையை மாற்றுவது கடினம். விசாரணை நீதிபதி எடுத்த பார்வை சாத்தியமான ஒன்று என்றாலே உயர் நீதிமன்றம் தலையிடாது. கோகுல்ராஜ் ஆணவக் கொலை வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் மதுரைச் சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் கொடுத்தது, ஐந்து பேரை விடுவித்தது. 2023 ஜூன் 2-இல் மேல்முறையீட்டில் பெரும்பாலான ஆயுள் தண்டனைகள் உறுதியாயின, இருவருக்கு மட்டும் ஐந்தாண்டாகக் குறைந்தது, ஐந்து பேர் விடுதலையை எதிர்த்துத் தாயார் போட்ட அப்பீல் ஏற்கப்படவில்லை. முக்கியச் சாட்சி பிறழ்ந்தும் அந்த வழக்கு நின்றதற்குக் கோயில் கேமராப் பதிவு பெரிய காரணம். அங்கேயும் நீதிபதிகள் ஒவ்வொரு எதிரியாகப் பிரித்துத்தான் பார்த்தார்கள் என்பதை வடகரை கவனிக்கலாம்.

தண்டனை நிறுத்த மனுவில் குடும்பம் குறுக்கிட்டு ஆட்சேபிக்கலாம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவும் சேர்ந்த வழக்கு என்றால் குடும்பத்துக்கு அறிவிப்புக் கொடுத்தே ஆக வேண்டும், அப்பீலும் அந்தச் சட்டத்தின் 14-ஏ பிரிவில் போகும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து சமாதானம் பேசி, அண்ணனிடம் "இப்போது எங்களுக்கு ஆட்சேபம் இல்லை" என்று பத்திரம் எழுதி வாங்கும் வழக்கம் இருக்கிறது. கொலைக்குச் சமரசம் என்பது சட்டத்தில் கிடையாது. கோர்ட்டில் சத்தியம் செய்து சொன்னதை மாற்றி எழுதினால் பொய்சாட்சிக் குற்றத்தில் அவரே மாட்டுவார், மிரட்டி வாங்கியது என்று தெரிந்தால் உள்ளே இருப்பவரின் தண்டனை நிறுத்தமும் போகும். தம்பியைப் பறிகொடுத்த வீட்டுக்கு அந்த நெருக்கடியைக் கொடுக்காதீர்கள்.

வடகரை:

ரொம்ப நன்றி எல்லாருக்கும். சமாதானப் பேச்சு எங்க பக்கம் நிச்சயமா வராது. நகல்கள்ல தேடினேன். தீர்ப்புல 302 உடன் 149-ன்னே இருக்கு, வேற ஆட்கள் இருந்தாங்கன்னு எங்கயும் இல்ல. டாக்டர்கிட்ட "முதுகில் காயம் இல்லை என்றால் சரிதானா"ன்னு கேட்டிருக்காங்க, "சரிதான்"னு சொல்லியிருக்கார், அதுக்கு மேல கேள்வி இல்ல. எஃப்.ஐ.ஆர். கொண்டுபோன காவலரை விசாரிச்சிருக்காங்க, ஆனா குறுக்கு விசாரணை "இல்லை"ன்னு இருக்கு. அவரைக் குறுக்கு விசாரணை பண்ணாம விட்டதால இனி தாமதத்தைப் பேச முடியுமா? முதல் எதிரிக்கு 304-ஆ (கொலை ஆகாத மரணக் குற்றம்) மாத்த முடியும்னு ஒருத்தர் சொல்றார், அதனால நமக்கு ஏதாவது உண்டா?

நாகமலை:

காவலரைக் கேட்காமல் விட்டது பெரிய ஓட்டை. "கேட்டிருந்தால் விளக்கம் சொல்லியிருப்பார்" என்று அரசுத் தரப்பு சொல்லும், நீதிபதிகளும் அதை ஏற்பார்கள். தாமதத்தை முற்றிலும் விடாதீர்கள், ஆனால் கடைசியில் வையுங்கள். விசாரணை அதிகாரியிடமாவது அந்தத் தாமதத்தைக் கேட்டிருக்கிறார்களா என்று அவருடைய குறுக்கு விசாரணையைப் பாருங்கள். இருந்தால் கொஞ்சம் உயிர் வரும். அப்பீலில் புதிதாகச் சாட்சி விசாரிக்க வழி இருந்தாலும், விசாரணையில் விட்ட கேள்வியை நிரப்ப அதை அனுமதிக்க மாட்டார்கள்.

டாக்டரின் அந்த ஒரு "சரிதான்" போதும். மேலே கேட்காமல் விட்டது இங்கே நன்மைதான், சட்டைக்கு மேல் அடி என்ற விளக்கத்துக்கு அவர் வாயிலிருந்து வார்த்தை வரவில்லை. குறுக்கு விசாரணைக்குப் பிறகு அரசு வக்கீல் டாக்டரை மறுவிசாரணை செய்தாரா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

304-க்கு மாற, திடீர்ச் சண்டை, முன்திட்டமில்லை, கொடூரமாகவோ அநியாய வாய்ப்பு எடுத்தோ தாக்கவில்லை என்ற மூன்றும் வேண்டும். நிராயுதபாணி ஒருவரைப் பிடித்து வைத்துக் கழுத்தில் இரண்டு வெட்டு என்றால் மூன்றாவது இடிக்கும். வயலுக்குக் கொண்டுபோன அரிவாளா, வீட்டுக்குப் போய் எடுத்து வந்ததா என்பதை வைத்து முதல் எதிரியின் வக்கீல் முயலட்டும். முதல் எதிரிக்கு 304 ஆனால் மற்றவர்களுக்கும் குறையும், ஆனால் 3-ஆம் எதிரி அதைத் தன் வாதமாக எடுக்கக் கூடாது. அவர் கேட்பது விடுதலை. மாற்று வேண்டுகோளாக, கம்படியை நம்பினாலும் அது சாதாரண காயக் குற்றத்துக்கு மேல் போகாது என்று கடைசிப் பத்தியில் ஒன்று இருந்தால் போதும்.

தனி வக்கீல், தனி வக்காலத்து. திங்கட்கிழமை காலையிலேயே சிறைக்கு அனுப்பிவிடுங்கள். புதன் வியாழனுக்குள் திரும்பினால் அந்த வாரமே தாக்கல் செய்யலாம், 60 நாளுக்குள் நிச்சயம் எண் விழும். விபத்துப் பதிவேட்டு நகல் சான்றாவணமாகக் குறியிடப்பட்டிருக்கிறதா என்று பட்டியலில் பார்த்து இங்கே எழுதுங்கள், அதைப் பொறுத்து முதல் பத்தியின் வரிசை மாறும்.